வெள்ளைக் கம்பி

காரணம் கேட்கும் சட்டம் வந்து ஐந்து வருடமாகிவிட்டது. கழற்றப்போகிற பெட்டியிடம் உண்மையிலேயே காரணம் கேட்ட வீட்டுக்காரர்கள் என்று குகநேசன் கண்டது இரண்டே பேரைத்தான். ஒருவர் தன் மின்சாரம் எல்லாம் எங்கே போனது என்று கேட்டார். இன்னொருவர், தான் வேலைக்குப் போன பகல்களில் படுக்கையறையைச் சூடாக்கச் சொன்னது யார் என்று கேட்டார். பதில் வந்த அன்றே அவர் மனைவி தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள். மற்ற எல்லோரும் 'எதையும் அறிய விரும்பவில்லை' என்ற கட்டத்தில் பேனாவால் ஒரு கீறு கீறிவிட்டு, தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்பார்கள்.

சட்டம் எளிமையானது. மனிதரைப் பற்றி முடிவெடுக்கும் எந்த இயந்திரமும், ஏன் அப்படி முடிவெடுத்தது என்று கேட்டால் வீட்டாரின் மொழியில் சொல்ல வேண்டும். கேட்டதற்கு மட்டும் சொல்லும். மின்சாரம் நின்ற இருபது நிமிடத்தில் தன் நினைவு முழுவதையும் அழித்துக்கொள்ளும். வீட்டுக்குள் நடந்தது வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக அதையும் சட்டத்தில் எழுதியிருந்தார்கள். சுவரில் இருக்கிற தெர்மோஸ்டாட்டுக்கும் இது பொருந்தும். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் இருந்த பழைய திருகு அல்ல இப்போது அது. எந்த அறையில் யார் படுக்கிறார், எப்போது எழும்புகிறார், யாருக்குக் குளிர் பொறுக்காது என்று தானே கற்றுக்கொண்டு, ஹீட் பம்ப் வெளிக்காற்றிலிருந்து இழுத்துத் தருகிற சூட்டை அறைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது.

ஜனவரி மாதத்து மத்தியானம் ஒன்றில், ஸ்காபரோவின் அந்த ஒடுங்கிய தெருவில் குகநேசன் வானை நிறுத்தியபோது வெளியே பூச்சியத்துக்குக் கீழே, மறை பத்தொன்பது பாகை. இரவுக்கு மறை முப்பது என்று வானொலி சொல்லிக்கொண்டேயிருந்தது. கம்பனி அனுப்பிய தாளில் முகவரி மட்டும்தான் இருந்தது. வீட்டு வாசலைக் கண்ட பிறகுதான் இங்கே முன்பு வந்திருக்கிறோம் என்று அவனுக்குப் பட்டது. மூன்று வருடமிருக்கும். இந்த வேலையில் சேர்ந்த முதல் மாதம்.

கதவைத் திறந்தவளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு சுவெற்றர், அதற்கு மேல் சால்வை.

"வாங்கோ தம்பி. சப்பாத்தைக் கழட்டாதேங்கோ, நிலம் ஐஸ் மாதிரிக் கிடக்கு."

"பரவாயில்லை அன்ரி."

"அன்ரியோ? தலைமயிர் கொட்டுண்டது எனக்கோ உங்களுக்கோ? அக்கா எண்டு சொல்லுங்கோ."

அவள் பெயர் பத்மலோஜினி. மீன் பொதிசெய்யும் தொழிற்சாலையில் பதினாறு வருடம் குளிரறையில் நின்றவள். "அந்தக் குளிர் எலும்புக்கை போய் இருந்திட்டுது. ஜூலையிலயும் எனக்குக் காலுறை வேணும்," என்று சொல்லிக்கொண்டே அவனை உள்நடைச் சுவருக்குக் கூட்டிப்போனாள். பெட்டி அங்கே இருந்தது. உள்ளங்கை அளவு, வெள்ளை முகம், அதில் பச்சை எழுத்து. செய்த கம்பனி இழுத்து மூடப்பட்டுவிட்டதால், மாதக் கடைசிக்குள் அந்த வகைப் பெட்டிகள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

அவன் பையைத் திறந்துகொண்டிருந்தபோது சுவருக்குள் எங்கோ 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு கீழிருந்து காற்று வீசும் ஓசை.

"நேரத்தைப் பாருங்கோ," என்றாள் அவள். "ரெண்டு பத்து."

"கீழ் அறைக் குழாய்க் கதவு திறக்குது."

"அவர் வாற நேரம். ஸ்கூல் பஸ் ஓடினவர். ரெண்டு பத்துக்கு வந்து, கீழ போய், ஒரு மணித்தியாலம் படுப்பார். செத்து வாற கிழமையோட ஒரு வருசம். இந்தச் சாமானுக்கு அது தெரியாது. ஒவ்வொரு நாளும் அவருக்குச் சூடு போட்டு வைக்குது." அவள் பெட்டியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். "முதல் மாசம் நான் கீழ ஓடிப்போய்ப் பாப்பன்."

குகநேசன் பைக்குள் கையை விட்டான். தாளை நீட்டினான். "இதில ஒரு கீறு போட்டால் சரி அக்கா. ஒண்டும் கேக்க விரும்பேல்லை எண்டு."

"நான் கேக்கப்போறன்."

அவள் கணவர் திருச்செல்வம் போன ஜனவரி பதினேழாம் திகதி காலையில் கீழ் அறைக் கட்டிலில் இறந்து கிடந்தார். ஐம்பத்தெட்டு வயது. இரவில் இருமி அவள் நித்திரையைக் குழப்பக் கூடாதென்று கீழேதான் படுப்பாராம். இரண்டு போர்வை, கம்பளித் தொப்பி, கையுறைகூடப் போட்டிருந்தார். இதயம் நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். செத்தவீட்டில் சொந்தக்காரர் ஒருவர் அந்த அறைச் சுவரைத் தொட்டுப் பார்த்து, ஐஸைத் தொட்டதுபோல் கையை எடுத்தார். அதை அவள் கண்டாள். அன்றிலிருந்து இந்தக் கேள்வியை மனதுக்குள் வைத்திருந்தாள். பெட்டியைக் கழற்றும் நாள் வரை கேட்கத் துணிவு வரவில்லை.

"எப்பிடிக் கேக்கிறது?"

"திகதியைச் சொல்லி, ஏன் எண்டு கேளுங்கோ."

அவள் சால்வையை இறுக்கினாள். "போன வருசம் ஜனவரி பதினாறு ராத்திரி. கீழ் அறைக்கு ஏன் சூடு குடுக்கேல்லை?"

பெட்டி பேசியது. செய்தி வாசிப்பதுபோல் தெளிவான, வயதில்லாத தமிழ்க் குரல்.

"அன்றிரவு வெளியே மறை இருபத்தொன்பது பாகை. இரண்டு அறைகளுக்கும் போதிய சூடு இருக்கவில்லை. ஓர் அறையைத் தேர்ந்தேன். மேல் அறையைத் தேர்ந்தேன்."

"ஏன் மேல் அறை?"

"மேல் அறையில் இருப்பவர் இரண்டு ஆண்டுகளில் நானூற்றுப் பதினொரு தடவை, குளிர்கிறது என்று தெரிவித்தார். கீழ் அறையில் இருப்பவர் ஒரு தடவையும் தெரிவிக்கவில்லை. தெரிவிக்காதவருக்குக் குளிரவில்லை என்று எடுத்துக்கொண்டேன்."



பத்மலோஜினியின் உதடு நானூற்றுப் பதினொன்று என்று சத்தமில்லாமல் ஒருமுறை சொன்னது. "அவர் உதில கைவைக்க மாட்டார்," என்றாள் கடைசியில். "சுவிச்சைத் தொட்டாலே உடைஞ்சுபோம் எண்டு பயம். நான்தான் போகவர அமத்துவன். வேலையால வந்தா ஒருக்கா, எழும்பினா ஒருக்கா."

குகநேசனுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. போதிய சூடு இருக்கவில்லை. அது எப்படி? இந்தத் தெரு வீடுகளில் ஹீட் பம்ப் மட்டும் இல்லை. வெளியே குளிர் கடுமையாகி அது களைத்துப் போகிற நேரத்துக்கென்று, உள்ளே காற்றறைக்குள் மின்சாரச் சுருள் ஒன்று வைத்துக் கட்டியிருந்தார்கள். பெட்டி கூப்பிட்டால் சுருள் சிவக்கும். மறை நாற்பதிலும் இரண்டு அறைக்கும் போதும். இந்தக் கேள்வியை அவள் கேட்டால் பெட்டி பதில் சொல்லும். கேட்பாள் என்று காத்திருந்தான். கேட்கவில்லை. கேட்காததில் தனக்கு ஒரு ஆறுதல் வந்ததையும் அவன் கவனித்தான். அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

"காணும்," என்றாள் அவள். "கழட்டுங்கோ."

மின்சாரத்தை நிறுத்துகிற பலகை கீழே, அவருடைய அறைக்கு அடுத்ததாக இருந்தது. போகும்போது திறந்திருந்த கதவுக்குள் கட்டில் தெரிந்தது. விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்துவிடப்பட்டிருந்தது. அவருக்காகப் போட்ட சூடு அந்த வெற்று அறைக்குள் இதமாக நிறைந்திருந்தது. அவன் இரண்டு சுவிச்சுகளையும் கீழே தள்ளினான். காற்று நின்றது.

மேலே வந்தபோது பெட்டியின் முகம் இருண்டு, மூலையில் மட்டும் ஒரு சின்ன மஞ்சள் வெளிச்சம் இருந்தது. இருபது நிமிடம் அது எரியும். பிறகு நினைவு போய்விடும்.

குகநேசன் பெட்டியின் முகத்தைக் கழற்றிவிட்டுத் தொலைபேசியால் படம் எடுத்தான். எந்தக் கம்பி, எழுத்துப் போட்ட எந்தத் துளையில் என்று படம் எடுக்காமல் எதையும் கழற்றக் கூடாது. இது இந்தத் தொழிலின் முதல் பாடம். அவன் அதைக் கற்றது இரண்டாவது மாதத்தில். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை, செம்மஞ்சள் என்று ஐந்து கம்பிகள் தம்தம் இடத்தில் இருந்தன.

ஆறாவது கம்பி சுவரின் ஓட்டைக்குள் இருந்தது. வெள்ளை. இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்து, கறுப்பு நாடா மூன்று சுற்று, நாடாவின் நுனி உள்ளே திருப்பி ஒட்டப்பட்டு. பின்னாளில் யாரும் உரிப்பதற்கு வசதியாக நுனியைத் திருப்பி ஒட்டுவது வவுனியாவில் மாமாவோடு வீடுகளுக்கு வயர் இழுத்த காலத்திலிருந்து அவனுக்குக் கைவந்த பழக்கம். வேண்டாத கம்பியை யாருக்கும் ஆபத்தில்லாமல் கட்டிவைக்க வேண்டும் என்பார் மாமா. இந்த நகரத்தில் இப்படி மடிப்பவன் வேறு யாருமில்லை.

அவனுக்கு அந்த நாள் முழுதாக ஞாபகம் வந்தது. ஒரு நாளைக்கு நான்கு வீடு. இதற்கும் முந்திய பெட்டியைப் படம் எடுக்காமல் கழற்றினான். வெள்ளைக் கம்பி முன்பு எந்த எழுத்தில் இருந்ததென்று தெரியவில்லை. அன்று மாட்டிய பெட்டியில் அதற்கென்று எழுத்து ஒன்றும் இல்லை. சுருள் தருகிற துணைச் சூட்டுக்கான துளைக்கு அந்தக் கம்பனி வேறு பெயர் வைத்திருந்தது. மிஞ்சின வயர் என்று நினைத்தான். வேண்டாத கம்பியை மடிப்பதுபோல் அழகாக மடித்தான். வீடு சூடானது. இங்கே எல்லாக் குளிர்காலமும் ஹீட் பம்ப் தனியாகச் சமாளித்துவிடும். மூன்று வருடத்தில் மூன்று இரவுகளுக்குத்தான் அது போதாமல் போனது. அந்த மூன்றில் ஒன்றில் ஒரு மனிதர் கையுறை போட்டுக்கொண்டு படுத்தார்.

மஞ்சள் வெளிச்சம் இன்னும் எரிந்தது. பெட்டியின் முகத்தைத் திருப்பி மாட்டி, கீழே போய் சுவிச்சைத் தூக்கிவிட்டு, ஒரு கேள்வி கேட்டால் போதும். ஏன் போதிய சூடு இருக்கவில்லை? அவள் காதுபடப் பெட்டியே சொல்லும்.

சொன்னால் முதலில் லைசென்ஸ் போகும். பிறகு வழக்கு. மனைவி சுகிர்தாவின் விசாத் தாள்கள் ஒன்பது மாதமாகக் கொழும்பில் ஒரு மேசையில் கிடக்கின்றன. கூப்பிடுகிறவன் மேல் வழக்கென்றால் அவை அந்த மேசையை விட்டு எழும்பாது. அவன் திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். குசினியில் தண்ணீர் ஓடியது, நின்றது. கோப்பைகள் உரசின. ஒன்றும் செய்யாமல் நிற்பது இவ்வளவு எளிதென்று அவனுக்கு முன்பு தெரியாது. இருபது நிமிடம் முடிந்தது. வெளிச்சம் அணைந்தது.

பிறகு கை தன்பாட்டில் வேலை செய்தது. பழைய அடித்தட்டைக் கழற்றினான். புதியதைச் சுவரில் திருகினான். ஐந்து கம்பிகளையும் படத்தைப் பார்த்துப் பார்த்துச் செருகினான். வெள்ளையின் நாடாவை உரித்தபோது அது இலேசாக வந்தது. இன்று இரவு மறை முப்பது. இதைச் செருகாமல் இந்த வீட்டை விட்டுப் போக அவனால் முடியாது. அந்த அளவுக்கு அவன் இன்னும் கெட்டுப்போகவில்லை என்பது ஒரு சின்னச் சமாதானமாக இருந்தது. செருகினான். கீழே போய் மின்சாரம் கொடுத்தான். துணைச் சூட்டைச் சோதிக்கும் பொத்தானை அமர்த்தினான்.

ஒரு நிமிடத்துக்குப் பிறகு காற்றோடு கருகின வாசனை வந்தது. முடி பொசுங்குவதுபோல, பழைய துணி காய்வதுபோல. மூன்று வருடமாகச் சிவக்காத சுருளில் படிந்த தூசி முழுவதும் ஒன்றாக எரிந்தது. வீடெல்லாம் பரவியது.

"தம்பி, என்ன எரியுது?"

"தூசு அக்கா. கொஞ்ச நேரத்தில போயிடும்."

"புதுப் பெட்டியில தூசோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அவள் குசினிக்குத் திரும்பினாள். தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. கணவரின் தங்கை. வாற கிழமை ஆண்டுத் திவசத்துக்கு யார் யாருக்குச் சொல்வது என்ற கதை. அவன் பையைக் கட்டினான். சப்பாத்து லேசை முடிந்தான்.

"இல்லை மச்சாள்," என்று குசினியில் குரல் கேட்டது. அழுகை இல்லாத, நடந்ததைச் சொல்கிற குரல். "பெட்டி சொல்லிப்போட்டுது. நானூற்றுப் பதினொரு தரம். என்ர குளிருக்குத்தான் அவரைக் குடுத்தனான். ஓம். திவசத்தண்டு எல்லாரிட்டையும் நானே சொல்லுவன். ஆரும் பின்னால கதைக்கத் தேவையில்லை."

குகநேசன் கதவுக் கைப்பிடியைப் பிடித்திருந்தான். அதை விட்டுவிட்டுக் குசினி வாசலுக்கு வந்தான். அவள் தொலைபேசியை வைக்கும்வரை காத்திருந்தான்.

"நீங்கள் இல்லை அக்கா," என்றான். "நான்."

சொல்லத் தொடங்கியபின் நிறுத்த வரவில்லை. வெள்ளைக் கம்பி, மாமாவின் நாடா, எழுத்து மாறின துளை, சிவக்காத சுருள். அவள் நடுவில் ஒன்றும் கேட்காமல் கேட்டாள். முடிந்ததும் அடுப்பை அணைத்தாள்.

"நல்ல பிள்ளை நீங்கள்," என்றாள். "அம்மா நல்லாத்தான் வளர்த்திருக்கிறா. ஆனா என்னைத் தேற்றப் பொய் சொல்லத் தேவையில்லை."

"பொய் இல்லை!"

"அப்ப பெட்டியிட்டக் கேப்பம்."

"அது அழிஞ்சு போச்சு."

"எப்ப?"

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நீங்கள் இங்க கோப்பை கழுவேக்க. வெளிச்சம் எரிஞ்சுகொண்டுதான் இருந்தது. நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

வாசனை இன்னும் போகவில்லை. அவள் அதை மூக்கால் இழுத்தாள், இரண்டாம் தடவையும். முகத்தில் ஏதோ இறுகியது. ஆனாலும் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"பாத்துக்கொண்டு நிண்டனீர்," என்றாள். "நீர் சொல்லுறது உண்மையெண்டா நான் என்ன செய்யிறது? பொய்யெண்டா என்ன செய்யிறது? எனக்கு இனி ஆர் சொல்லுவினம்?" ஒரு கதிரையை இழுத்து இருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள். "அந்த மாசத்தில எத்தினை வீடு செய்தனீர்?"

குகநேசனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கை தொலைபேசிக்குப் போனது.

அவன் செய்த வேலைகள் எல்லாம் கம்பனி கொடுத்த தொலைபேசியில் மாதம் மாதமாக இருந்தன. வேலையில் சேர்ந்த அந்த நவம்பரை அவன் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. ஏன் பார்க்கவில்லை என்று தன்னிடமே கேட்டதும் இல்லை. இப்போது திறந்தான். ஒரே வகைப் பெட்டி. ஒரே வகைச் சுருள். படம் எடுக்காத மாதம். அப்படியான வீடுகளை மட்டும் எண்ணினான்.

"பதினாலு," என்றான். "இதோட பதினாலு."

"இண்டைக்கு மறை முப்பதெல்லோ?"

"ஓம்."

"அடியும்."

பட்டியலில் முதல் வீட்டின் இலக்கம் அடித்து ஓய்ந்தது. இரண்டாவதை ஒரு இளம் பெண் எடுத்தாள். அவன் வாயைத் திறந்தான். கம்பனிப் பெயருக்கு மேல் சொல் வரவில்லை. பத்மலோஜினி தொலைபேசியை வாங்கி, ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தாள்.

"பிள்ளை, நான் ஸ்காபரோவில இருந்து கதைக்கிறன். உங்களுக்கு என்னைத் தெரியாது. உங்கட சுவரில இருக்கிற சூட்டுப் பெட்டியிட்ட எனக்காக ஒரு கேள்வி கேக்க வேணும்."

"விளம்பரம் எண்டா வேண்டாம் அன்ரி. பெட்டி மாத்திறதுக்கு ஏற்கெனவே திகதி போட்டாச்சு."

"விளம்பரம் இல்லை அம்மா. போன வருசம் இதே மாசம் எனக்கு ஆராவது இப்பிடி ஒரு கோல் எடுத்திருந்தா என்ர மனுசன் இருந்திருப்பார். ஒரு கேள்விதான்."

அந்தப் பக்கம் நடக்கும் ஓசை. "சரி. என்ன கேக்கட்டும்?"

"மறை முப்பது வந்தா துணைச் சூடு வருமோ எண்டு கேளுங்கோ."

அவள் கேட்டாள். இங்கே கேட்ட அதே குரல் அங்கிருந்து மெல்லியதாக வந்தது.

"இந்த வீட்டில் துணைச் சூடு இல்லை. முதல் குளிர்காலத்தில் ஒரே இரவில் அறுபத்திரண்டு தடவை அழைத்தேன். பதில் வரவில்லை. இல்லை என்று கற்றுக்கொண்டேன். பிறகு அழைக்கவில்லை."

பத்மலோஜினி கண்ணை மூடினாள். அவளுடைய கை மேசை விளிம்பைத் தேடிப் பிடித்தது. வருடம் முழுவதும் அடக்கி வைத்த மூச்சு ஒன்று அவளிடமிருந்து நீளமாகப் போனதைக் குகநேசன் கேட்டான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"இன்னும் ஒண்டு," என்றாள் தொலைபேசியிடம். "இண்டைக்கு ராத்திரி சூடு காணாட்டி என்ன செய்யும் எண்டு கேளுங்கோ."

"இன்று இரவு பெரிய அறையைச் சூடாக்குவேன்," என்றது குரல். "சின்ன அறையை மூடுவேன்."

"சின்ன அறையோ?" அந்தப் பெண் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அன்ரி, அது பிள்ளையின்ர அறை. பதினொரு மாசம்."

"தொட்டிலோட உங்கட அறைக்குக் கொண்டுபோங்கோ. இப்பவே, நான் கேட்டுக்கொண்டிருக்கிறன். சரியா? ஒரு ஆள் வருவார். ராத்திரிக்கு முதல் வந்து ஒரு வயரைப் போட்டுவிடுவார். அவர் வாறவரைக்கும் பிள்ளையை அந்த அறையில விடாதேங்கோ."

தொட்டில் சில்லுகள் மரத்தரையில் உருளும் சத்தம் மேசைக்கு வந்தது. அது நின்ற பிறகுதான் அவள் தொலைபேசியை அணைத்தாள். ஒரு பென்சிலும், திவசத்துக்கு அழைப்பவர்களின் பெயர் எழுதியிருந்த தாளும் எடுத்தாள். தாளைத் திருப்பி வெறும் பக்கத்தை மேலே வைத்தாள்.

"அடுத்த நம்பர்," என்றாள். "சொல்லடா."